கரண்ட் இல்லாத காலம்: சந்தோசமா இருந்தனாங்களோ?

ஒரு வாசகரின் கேள்வி:

"90இல இருந்து 95 மட்டும் யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல், பெற்றோல் இல்லாமல், சவர்க்காரம் கூட இல்லாமல் இருந்தும் இப்பத்தை விடச் சந்தோசமா இருந்தனாங்கள் எண்டு எங்கட அப்பா சொல்லுறார். சனம் எல்லாம் ஒற்றுமையாம், நல்ல மூளையாம். உண்மையோ? அதோட பள்ளிக்கூடச் செயற்திட்டத்துக்கு ஜாம்போத்தல் விளக்கு ஒண்டு செய்ய வேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ."

பெப்ரவரி 2, பின்னேரம்

விளக்கை முதல் சொல்லுறன், சந்தோசத்தைப் பிறகு பாப்பம்.

வாய் அகண்ட ஜாம்போத்தல் ஒண்டு எடுங்கோ. அடியில பஞ்சு. பஞ்சு நனைஞ்சு மேல கொஞ்சம் நிக்கிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பில இருந்து வால்வை வெட்டியெடுத்து அதுக்குள்ளால திரியை விடுங்கோ. பருத்திச் சீலையைக் கிழிச்சு முறுக்கினாலே காணும். வால்வைத் தாங்க ஒரு கம்பியை வளைச்சுப் போத்தல் வாயில கொழுவ வேணும், திரியின்ர வால் பஞ்சில முட்ட வேணும். சுடர் போத்தலுக்குள்ளேயே நிண்டு எரியும். போத்தல்தான் சிமினி, காத்துக்கு அணையாது. அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயோட பாத்தால் இது குடிக்கிறது ஒண்டுமேயில்லை. சிக்கன விளக்கு எண்டு பேர் வந்ததே அதாலதான்.

எண்ணெய் கூட விட்டால் சூடேறிப் பத்தும். ஈரப் போத்தலில கொளுத்தினால் வெடிக்கும். வகுப்புக்குக் கொண்டு போறதெண்டால் உள்ளுக்க சின்ன எல்.ஈ.டி. பல்ப் ஒண்டை வைச்சுக் கொண்டு போங்கோ, ரீச்சர் ஒண்டும் சொல்லமாட்டா.

இப்ப சந்தோசம். அப்பாவுக்கு அப்ப என்ன வயசு? பத்துப் பன்னிரண்டு எண்டால் அவர் சொல்லுறது அவருக்கு உண்மைதான். ஆனால் அந்தப் போத்தல் ஒவ்வொரு இரவும் கரி பிடிக்கும். அடுத்த நாள் நாலு மணிக்குச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் துடைக்க வேணும். உள்ள போற கை சின்னனா இருக்க வேணும். எங்கட வீட்டில அது என்ர கை. அண்ணாவின்ர கையும் அப்ப சின்னன்தான், ஆனால் அவருக்குக் கிரிக்கெட் இருந்தது.

பெப்ரவரி 2, இரவு

எந்த ஊர் எண்டு கேட்டிருக்கினம். சாவகச்சேரி. இப்பவும் இங்கதான்.

ரவுண் எண்டால் பெரிசா ஒண்டுமில்லை. சந்தை, ஆசுபத்திரி, ரெண்டு மூண்டு பெரிய பள்ளிக்கூடம், கண்டி வீதி, ரயில் பாதை. மாம்பழமும் பிலாப்பழமும் எங்கட ஊர்ச் சரக்கு. 1990 ஜூனில சண்டை திரும்பத் தொடங்கினதோட கரண்டும் நிண்டது, யாழ்தேவி ரயிலும் நிண்டது. கொஞ்ச நாள் தண்டவாளம் சும்மா கிடந்தது. பிறகு தண்டவாளத்துக்குக் கீழ கிடந்த சிலிப்பர் கட்டையைச் சனமும் இயக்கமும் (புலிகள்) கிளப்பத் தொடங்கிச்சுது. பங்கருக்குக் கூரை போட அதை விட நல்ல மரம் இல்லை. கொழும்புக்குப் போற பாதை எங்கட வளவுக்குள்ள வந்து பங்கருக்கு மேல கிடந்தது.

பெப்ரவரி 4

மண்ணெண்ணெய்க் கதை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாத்துக்கும் அரசாங்கத் தடை. மண்ணெண்ணெய் சங்கக்கடையில (கூட்டுறவுக் கடை) குடும்ப அட்டைக்கு அளந்து தருவினம், வந்தால். அரிசி, மா, பருப்பு செஞ்சிலுவைக் கொடியோட பருத்தித்துறைக்குக் கப்பலில வரும். மிச்சச் சாமான் கிளாலிக் கடலால வந்தது, ஒவ்வொரு கைமாறலிலயும் விலை ஏறி ஏறி.

ஆனையிறவுப் பாதையும் மற்றப் பாதையளும் மூடினாப் பிறகு வன்னிக்குப் போற வழி கிளாலிதான். இரவில ஒரு மோட்டர் பூட்டின போட்டுக்குப் பின்னால மற்றப் போட்டுகளைக் கயித்தில கோத்து இழுத்துக் கொண்டு போறது. 1993 ஜனவரி 2 ராத்திரி நேவி அந்தப் போட்டுகளில சுட்டுக் கன சனம் செத்தது. அதுக்குப் பிறகும் சனம் போனது. கொழும்பில விசா எடுக்கிறவன், கண் சத்திரசிகிச்சைக்குப் போற கிழவி, சாமான் ஏத்திற வியாபாரி எல்லாரும் எங்கட ரோட்டாலதான் போக வேணும். பின்னேரம் தட்டிவானிலயும் சைக்கிளிலயும் கொடிகாமப் பக்கம் போவினம். தப்பி வந்தவை விடிய எதிர்ப்பக்கமா வருவினம். தேத்தண்ணிக் கடைக்கு அதுதான் பிழைப்பு.

மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில ஓடினது உண்மையோ எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். உண்மை. மண்ணெண்ணெய் இஞ்சின் குளிரா இருந்தால் ஆவியாகாது. பெற்றோலில ஸ்ராட் பண்ணிச் சூடாக்கிப் போட்டுத்தான் மாத்த வேணும். அதுக்கு ஆக்கள் சூப்பிப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சிருப்பினம், பிள்ளைக்குப் பால் குடுக்கிற அதே சூப்பி. சேலைன் ரியூப்பால காபுரேற்றருக்கு ரெண்டு பீச்சு, ஒரு உதை, பிடிச்சால் பிடிச்சது. பழைய மொறிஸ் மைனர் மாதிரிக் கார்கள்தான் இதுக்குத் திறம், அந்த இஞ்சின்களில அமுக்கம் குறைவு. புது ஜப்பான் கார்கள் இடிச்சு இடிச்சு நிக்கும். அதால புதுக்கார் வாங்கி வைச்சிருந்த பணக்காரர் சைக்கிளில போக, அப்பப்பா காலத்துக் கார் வைச்சிருந்தவை கலியாண ஓட்டம் ஓடிச்சினம்.

எங்கட மாமாவிட்ட ஒரு மைனர் இருந்தது. நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்திக் கொஞ்ச நேரம் ஓட விட வேணும், இல்லாட்டி காபுரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய் நிண்டு அடுத்தமுறை ஸ்ராட் வராது. மாமா கஞ்சன். அந்தக் கொஞ்சப் பெற்றோலையும் மிச்சம் பிடிக்கப் பாப்பார். மீசாலையில ஒரு கலியாணத்துக்குப் பொம்பிளையே கூறைச்சீலையோட இறங்கிக் காரைத் தள்ளினவ. இப்ப கனடாவில பேரப்பிள்ளையோட இருக்கிறா, இதை வாசிச்சால் பேசுவா.

பெப்ரவரி 4, கொஞ்சம் பிந்தி

மண்ணெண்ணெய்ப் புகை மணம்! அதையும் சொல்ல வேணும். அம்மா மணத்தை வைச்சே சொல்லுவா, இப்ப போனது டொக்டரின்ர கார், இது உங்கட மாமா எண்டு.

பெப்ரவரி 7

பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சதைப் பற்றி ஒரு தம்பி எழுதி, "எங்கட சனத்தின்ர மூளையைப் பாருங்கோ" எண்டு கும்பிடுற படமும் போட்டிருக்கிறார். தம்பி, அது 90இல பிறந்த மூளை இல்லை. எங்கட அம்மம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே சவர்க்காரம் வாங்க ஏலாத சனம் அதிலதான் தோய்ச்சது. தடை வந்தோடன எல்லாரும் அந்த நிலைக்கு வந்தம், அவ்வளவுதான்.

எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியுமோ? ஆடி, ஆவணியில பழம் விழும். விடிய எழும்பி மற்றவை பொறுக்க முதல் பொறுக்க வேணும். காம்புப் பக்கத்துத் தொப்பியைக் கழட்டித் தோலை உரிச்சு, தண்ணி விட்டுப் பினைய, மஞ்சளா ஒரு களி வரும். அதில உடுப்பை ஊற வைச்சுக் கும்மிக் கல்லில அடிக்க வேணும். ஊத்தை போகும், உண்மை. பிறகு அந்தக் களி போக அலச வேணும். ஒருக்கால் அலசினால் போகாது. தண்ணி இறைக்கிற மெசினுக்கு எண்ணெய் இல்லாதபடியால் துலாவில அள்ளின தண்ணி. அலசி அலசி இடுப்பு ஒடிஞ்சாலும் வெள்ளைச் சட்டையில ஒரு மங்கல் நிக்கும், மணம் நிக்கும். அந்த மணத்துக்கு மாடு வரும். கொடியில காயப் போட்ட என்ர பள்ளிக்கூடச் சட்டையின்ர கழுத்துப் பட்டியை அயல்வீட்டு மாடு சப்பிக் கொண்டு நிண்டது. பிடிச்சு இழுத்தால் அதுவும் இழுக்குது. அதுக்குப் பிறகு கொடியடியில கதிரை போட்டு இருந்து மாடு பாக்கிறதும் ஒரு வேலையாப் போச்சு.

எனக்கு எரிச்சல் வாற இடம் இதுதான். பனம்பழத்தில தோய்க்கலாம் எண்டு யோசிக்க ஒருக்கால் மூளை காணும். ஒவ்வொரு கிழமையும் தோய்க்க ரெண்டு பேரின்ர அரைநாள் வேணும். அந்த ரெண்டு பேர் ஆர்? எங்கட வீட்டில அம்மாவும் சின்னம்மாவும். போத்தல் துடைக்கிறது நான். சங்கக்கடை வரிசையில நிக்கிறது அம்மம்மா, கிழவி எண்டால் முன்னுக்கு விடுவினம் எண்டு. நெல்லுக் குத்திறது, மா இடிக்கிறது, விறகு பொறுக்கிறது எல்லாம் இந்தக் கூட்டம்தான். பெற்றோலைச் சூப்பிப் போத்தலில விட்டவனை எல்லாரும் ஞாபகம் வைச்சிருக்கினம்.

பெப்ரவரி 7, இரவு

"ஆம்பிளையள் ஒண்டும் செய்யேல்லையோ அக்கா?" செய்தவை. பங்கர் வெட்டினவை. விறகு கொத்தினவை. கிளாலி கடந்து சாமான் கொண்டு வந்தவை. என்ர அப்பா சைக்கிளில தென்னம்பாளையும் தேங்காயும் கட்டி யாழ்ப்பாணச் சந்தைக்கு உழக்கினவர், போக ஒரு பத்து மைல், வர ஒரு பத்து மைல். நான் சொல்லுறது அது வெளியில தெரியிற வேலை எண்டு. இது தெரியாத வேலை. கோவிக்க ஒண்டுமில்லை.

பெப்ரவரி 9

ரேடியோ. இரவு ஒன்பதே காலுக்கு லண்டன் பிபிசியின்ர தமிழோசை. பற்றரி தடை. கிழமைக்கணக்காப் பாவிச்ச பற்றரியை வெயிலில காய வைச்சு, பல்லால கடிச்சு, உப்புத் தண்ணியில அவிச்சுக் கூடப் பாத்தவை. கடைசியில எல்லாரும் சைக்கிளுக்குத்தான் வந்தவை. சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, டைனமோவைப் பின் ரயரில முட்ட வைச்சு, பெடலைக் கையால சுத்திறது. டைனமோ தாறது ஏசி கரண்ட், ரேடியோவுக்கு டீசி வேணும், அதால நடுவில ஒரு டயோட். டயோட் கழட்டிறதுக்காகவே ஊரில உடைஞ்ச ரீவி எல்லாம் விலைப்பட்டது.

ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், சுத்திறது மெதுவானால் தமிழோசையில கதைக்கிற "ஆனந்தி அக்காவின்ர குரல் ஆம்பிளைக் குரலா இழுபடும்" எண்டு. அது ரேடியோ இல்லை அண்ணை, கசற். கசற் போட்டால்தான் மோட்டர் மெதுவாகிக் குரல் தடிக்கும். ரேடியோவில சத்தம் தேய்ஞ்சு "உர்ர்" எண்டு இரைஞ்சு செத்துப் போகும், திரும்ப வேகமாச் சுத்த நடுவசனத்தில உயிர் வரும். "...படையினர் தரப்பில்" எண்டு போய், "...காயமடைந்ததாக" எண்டு திரும்ப வரும். இடையில என்ன நடந்தது எண்டு அப்பாவும் பக்கத்து வீட்டு ஐயாவும் அடுத்த நாள் மத்தியானம் மட்டும் வாதாடுவினம்.

சுத்தினது நான் எண்டு இங்க எழுதி வைக்கிறன். அண்ணா இதை வாசிக்கிறவர்.

பெப்ரவரி 10

அண்ணா போன் எடுத்துச் சொல்லுறார் தான்தானாம் சுத்தினது. செய்தி வாசிக்கேக்க அவர் சுத்தினவர், ஓம், ஊர் ஆம்பிளையள் எல்லாம் விறாந்தையில இருக்கிற நேரம். பாட்டு வைக்கேக்க, அம்மா குசினிக்குள்ள இருந்து கேக்கிற நேரம், நான். ரெண்டும் உண்மை எண்டு முடிப்பம்.

பெப்ரவரி 12

பங்கர் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு. ஏன் "எல்" வடிவில வெட்டினது எண்டால், வாசலுக்கு நேர ஒரு குண்டோ ஷெல்லோ விழுந்தால் சன்னம் நேராத்தான் வரும், வளைவில திரும்பாது. அதால ஆக்கள் வளைவுக்கு அங்கால இருக்க வேணும். மேல சிலிப்பர் கட்டை இல்லாட்டிப் பனங்குத்தி, அதுக்கு மேல மண்மூட்டை. வசதி இல்லாத வீட்டுப் பங்கருக்கு வாழைக்குத்தியும் கிடுகும் தான், அது மனத் தைரியத்துக்கு.

பொம்பர் ஒருக்கால் சுத்தினால் பாக்குது, ரெண்டாம் தரம் பதிஞ்சால் போடப் போகுது. சத்தத்தை வைச்சுச் சகடையோ (மெதுவாப் பறந்து குண்டு போடுற சரக்குப் பிளேன்) ஹெலியோ பொம்பரோ எண்டு ஆறு வயசுப் பிள்ளை சொல்லும். பள்ளிக்கூடத்தில பாடம் நடக்கேக்க சத்தம் கேட்டால் ரீச்சர் வசனத்தை முடிக்காமல் கையை மட்டும் காட்டுவா, நாங்கள் ஓடுவம். திரும்பி வந்து அந்த வசனத்தில இருந்தே தொடங்குவா. 1993 நவம்பர் 13 குருநகர் யாகப்பர் தேவாலயத்தில குண்டு விழுந்த செய்தி வந்தாப் பிறகு கோயில் எண்டால் போடமாட்டாங்கள் எண்ட கதையும் போச்சுது.

ஆனால் தங்கச்சி, பங்கரில முழுநேரமும் பயந்து கொண்டு இருக்கேல்லை. பயம் வாறது சத்தம் கேட்டு முதல் அஞ்சு நிமிசம். மிச்ச நேரம் நுளம்பு. மார்கழியில முழங்கால் மட்டும் தண்ணி, தவளை, ஒருக்கால் ஒரு சாரைப்பாம்பு. அம்மம்மா பங்கருக்குள்ள வர மாட்டன் எண்டு திண்ணையிலேயே இருந்து பாக்கு இடிப்பா. அவவின்ர பாக்குரல் சத்தம் நிண்டால்தான் எங்களுக்குப் பயம்.

பெப்ரவரி 13

"அந்தக் காலத்தில சனம் ஒற்றுமை" எண்டு திரும்பத் திரும்ப எழுதிறியள். இதையும் எழுத வேணும்.

1990 ஒக்டோபரில முஸ்லிம் சனத்தை வடக்கில இருந்து புலிகள் வெளியேத்தினவை. எங்கட சாவகச்சேரியில அது யாழ்ப்பாண ரவுணுக்கு முதலே நடந்தது. யாழ்ப்பாணத்தில ஒக்டோபர் 30, ரெண்டு மணித்தியால அவகாசம். எங்கட ரவுணில ஒரு முஸ்லிம் தையல்கடைக்காரரிட்ட என்ர சட்டைத் துணி குடுத்திருந்தம். எடுக்கப் போக, கடை பூட்டு. பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒரு பேப்பர்ச் சுத்தல் தந்தார். சட்டை தைச்சு முடிஞ்சிருந்தது, பட்டன் மட்டும் கட்டேல்லை. பட்டனுகளைத் தனியா ஒரு கடதாசியில மடிச்சு உள்ளுக்க வைச்சிருந்தவர். தையல்கூலி வாங்க ஆள் இல்லை. நாங்கள் என்ன செய்தம்? அம்மா பட்டனைக் கட்டினா, நான் போட்டன். ஊரில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, நாங்களும் திறக்கேல்லை. ஒற்றுமை எண்டு எழுதேக்க அந்தச் சட்டைதான் எனக்கு முன்னுக்கு வருது.

பெப்ரவரி 16

1995 ஒக்டோபர் 30, ஆமி நெருங்கி வர யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த நாள். கன பேர் அந்த இரவு நடந்து வந்த கதையை எழுதியிருக்கினம், செம்மணி வழி, நாவற்குழிப் பாலம், மழை, ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். நான் நடக்கேல்லை. நாங்கள் அவை வந்து சேர்ந்த பக்கம். வலிகாமத்துச் சனம் (யாழ்ப்பாண ரவுணும் அதைச் சுத்தின ஊர்களும்) முழுக்க, நாலஞ்சு இலட்சம் எண்டு சொல்லுவினம், எங்கட தென்மராட்சிக்குள்ளயும் வடமராட்சிக்குள்ளயும் வந்து இறங்கினது.

விடியப்புறம் நாய்கள் குலைக்கிற சத்தம்தான் முதல். வெளிய வந்து பாத்தால் கண்டி வீதி அசையுது. ஆக்கள் கதைக்கேல்லை. சைக்கிளில கோழிக்கூடு, தையல் மெசின் தலை, அம்மி. ஒரு மனுசன் சுவர் மணிக்கூட்டை மட்டும் நெஞ்சோட பிடிச்சுக் கொண்டு நடக்கிறார். பள்ளிக்கூடம், கோயில் மடம், தேவாலயம், சந்தைக் கட்டடம் பத்து மணிக்கே நிறைஞ்சுது. பிறகு வீடுகள். பிறகு மரத்தடி.

எங்கட வீட்டுக்குச் சொந்தக்காரரும் வந்தவை, ஆரெண்டே தெரியாதவையும் வந்தவை. மத்தியானத்துக்குள்ள கிணறு கலங்கி வாளி அடியில முட்டத் தொடங்கிச்சுது. ராத்திரி ஊறுற தண்ணியை அள்ள ரெண்டு மணிக்கே வாளியோட வரிசை. கக்கூஸ் குழி ஒரு கிழமையில நிரம்பிச்சுது. இதுகளை ஒருத்தரும் எழுதுறேல்லை. பொம்பிளைப் பிள்ளையள் மாதவிலக்குச் சீலையை எங்க தோய்ச்சு எங்க காய வைச்சதுகள் எண்டு ஒருக்கால் யோசியுங்கோ, மழைக்குள்ள, அவ்வளவு சனத்துக்க. நாங்கள் பழைய கிடுகால ஒரு மறைப்புக் கட்டினம். அந்த மறைப்புக்குள்ள எப்பவும் ஆள் இருக்கும்.

கொக்குவிலால வந்த ஒரு ரீச்சரம்மா முதல் விடியலே அம்மாட்டக் கேட்டது விளக்குமாறு. ஒவ்வொரு நாளும் ஐஞ்சு மணிக்கு எங்கட முத்தத்தைக் கூட்டினவ. ஒருத்தரும் தன்னை ஒண்டும் சொல்லிப் போடக் கூடாது எண்டு கூட்டினவ, அது எனக்கு அப்பவே தெரிஞ்சது. அம்மாவுக்கு அது பிடிக்கேல்லை. "என்ர முத்தத்தை நான் கூட்டுறன்" எண்டு ஒரு நாள் விளக்குமாறை வாங்கிப் போட்டா. அடுத்தது அடுப்பு. ஆர் முதல் சமைக்கிறது, ஆரின்ர விறகு, தேங்காய் ஆரின்ர மரத்தில விழுந்தது. ரெண்டு பேரும் நல்ல மனுசியள். கார்த்திகை முழுக்க ஒரே குசினியில நிண்டு ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்லை, பிள்ளையள் மூலம்தான் உப்புக் கேட்டவை.

பெப்ரவரி 16, நடுச்சாமம்

கிணத்துக் கதை இன்னும் ஒண்டு இருக்கு, நித்திரை வரேல்லை. எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டில வாளியையும் கயித்தையும் கழட்டி உள்ள வைச்சிட்டினம். தாங்களே அள்ளி மற்றவையின்ர குடத்துக்கு ஊத்துவினம். கிணறு கலங்கும் எண்டுதான் சொன்னது. இல்லை. இன்ன சாதி ஆக்கள் எங்கட வாளியைத் தொடக் கூடாது. தலைக்கு மேல பொம்பர் சுத்தேக்கையும் அந்தக் கணக்குப் பாத்தவை. அதே வீட்டுக்காரர்தான் வளவைத் திறந்து விட்டு அவ்வளவு சனத்துக்கும் கொட்டில் போடக் கிடுகு குடுத்தவை. ரெண்டையும் ஒரே ஆக்கள் செய்தவை. எனக்கு இது இண்டைக்கும் விளங்கேல்லை.

பெப்ரவரி 17

ஆரின்ர பிழை எண்டு சண்டை பிடிக்கிறவை வேற இடத்தில பிடியுங்கோ. குண்டு போட்டது அரசாங்கத்தின்ர பிளேன். ஊரை விட்டுப் போறதெண்டால் பாஸ் எடுக்க வேணும் எண்டு வைச்சது புலிகள். ரெண்டையும் ஒரே சனம்தான் தாங்கினது. நான் தண்ணியைப் பற்றி எழுதுறன்.

பெப்ரவரி 21

96இல மணிக்கூடு மாத்தின கதை கேட்டவைக்கு. 1996 ஏப்ரலில ஆமி தென்மராட்சிக்கு வந்தது. வலிகாமத்துச் சனத்தில கன பேர் திரும்பித் தங்கட வீடுகளுக்குப் போச்சினம், கன பேர் கிளாலியால வன்னிக்குப் போச்சினம். ரீச்சரம்மா கொக்குவிலுக்குப் போனா. போகேக்க அம்மாவின்ர கையில ஒரு புது விளக்குமாறு குடுத்திட்டுப் போனா. அது நக்கலோ நன்றியோ எண்டு அம்மா சாகும் மட்டும் முடிவெடுக்கேல்லை.

மே மாதக் கடைசியில அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. எங்களுக்கு மின்சாரமே இல்லை, ஆனாலும் தள்ளினம். வன்னியில புலிகள் தள்ளேல்லை. அதால "புது நேரம்", "பழைய நேரம்" எண்டு ரெண்டு நேரம் வந்தது. ஒக்டோபரில அரை மணித்தியாலத்தைத் திரும்பக் குறைச்சினம், கணக்கு இன்னும் சிக்கிச்சுது. அண்ணா அப்ப வன்னிக்குப் போயிட்டார். செஞ்சிலுவைக்காரர் கொண்டு வாற கடிதத்தில "இரவு ஒன்பதே கால் (ப.நே.) தமிழோசை கேட்டேன்" எண்டு எழுதியிருப்பார். 2006இல நாடு திரும்பப் பழைய நேரத்துக்கே வந்தது. அம்மம்மா 96இலயும் மாத்தேல்லை. வெயிலைப் பாத்துத்தான் உலை வைச்சவ, ரெண்டு தரப்பும் அவவை ஒண்டும் கேக்கேல்லை.

பெப்ரவரி 25

2022 பொருளாதார நெருக்கடி பற்றி ஆரோ இழுத்திருக்கினம். ஓம், மார்ச் கடைசியில நாடு முழுக்கப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டு, பெற்றோல் செட்டில மைல் கணக்கா வரிசை, பிறகு கியூஆர் அட்டை. கொழும்பில இருக்கிற கூட்டாளி போன் எடுத்து, "உங்களுக்கு இது பழக்கம் தானே, எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" எண்டு கேட்டவ. சைக்கிள் வாங்கச் சொன்னன். ஒகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவில இருந்து 340க்குப் பாய்ஞ்சது. அந்த நேரம் எங்கட ஆக்கள் சிலருக்கு ஒரு பெருமிதம், "இப்பதான் உங்களுக்குத் தெரியுது" எண்டு. எனக்கும் ரெண்டு நாள் இருந்தது. மூண்டாம் நாள் காஸ் முடிஞ்சு விறகடுப்பை ஊதேக்க போச்சு.

பெப்ரவரி 27

வெளிநாட்டில ஒரு ஊர்ச்சங்கம் "பொருளாதாரத் தடைக்கால உணவு நாள்" வைக்கினமாம், என்ன சமைக்கலாம் எண்டு பட்டியல் கேட்டிருக்கினம். தாறன்.

ஒடியல் பிட்டு: ஒடியலை (காய வைச்ச பனங்கிழங்கு) இடிச்சு மாவாக்கி அரிச்சு, தண்ணியில ஊற விட்டு, காறல் போக ரெண்டு மூண்டு தரம் தண்ணி மாத்திப் பிழிஞ்சு எடுக்க வேணும். பிறகு தேங்காய்ப்பூ, முருங்கை இலை, பச்சைமிளகாய், கிடைச்சால் நெத்தலி போட்டுக் குழைச்சு நீத்துப்பெட்டியில அவியுங்கோ. கூழ்: அதே மாவைக் கரைச்சு, பயத்தங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி, மீன் தலை, செத்தல் மிளகாய் அரைச்சுப் பழப்புளி விட்டுக் காய்ச்சிறது. பிளேன்ரீ: சீனி போடாமல், பனங்கட்டி ஒரு துண்டைக் கடிச்சுக் கொண்டு குடிக்கிறது. துண்டு சின்னனா இருக்க வேணும், கண்ணாலதான் கூட இனிக்கும்.

கடை மாப் பக்கெற்றில செய்தால் தடைக்காலம் இல்லை. உரலும் உலக்கையும் தேடுங்கோ. எவ்வளவு பேருக்கு எண்டு சொன்னால் அளவு சொல்லலாம், ஆனால் அதுக்கு முதல் சங்கக் கூட்டத்தில ஆர் இடிக்கிறது, ஆர் பிழியிறது எண்டு பேரைப் போட்டு எழுதி அனுப்புங்கோ. தலைவரின்ர பேரும் அதில இருக்க வேணும்.